கன்று ஊட்டும் இறைச்சி மாட்டின் மடியும் காம்பும்: எப்போது பார்ப்பது, எப்போது கை வைப்பது

கறவை மாட்டின் மடியில் தினமும் இரண்டு வேளை ஆள் கை படும். பாலில் ஒரு திரி வந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டில் பாலை எடுப்பது கன்றுதான். பால் வராத காம்பை அது விட்டுவிட்டு அடுத்த காம்புக்குப் போய்விடும். நமக்குத் தெரிய வரும்போது கோளாறு முற்றிப் போயிருக்கும்.

புதிதாக இந்த மாடுகளை வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேலையின் வரிசையில். மடி பெருத்துத் தெரிந்ததும் ஓடிப்போய் மாட்டைப் பிடிப்பார்கள், கறப்பார்கள், ஊசி போடச் சொல்வார்கள். கன்று காலையிலிருந்து பட்டினி கிடப்பதை மதியம்தான் கவனிப்பார்கள். அதனால் எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்பதையே இங்கே முக்கியமாகச் சொல்கிறேன்.

1. ஈனும் காலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் இடம். மேய்ச்சலில் வளரும் மாட்டுக்கு மனிதக் கை பழக்கமில்லை. மடியைத் தொட்டால் உதைக்கும். கழுத்தை அசையாமல் பிடிக்கும் கூண்டு ஒன்று வேண்டும். அதன் பக்கவாட்டுக் கம்பியோ பலகையோ கீழ்ப்பாதி திறக்கக்கூடியதாக இருக்கட்டும். நம் கை உள்ளே போகவும், கன்று வாய் வைக்கவும் அந்தத் திறப்பு தேவைப்படும். மரத்தில் கயிறு போட்டுக் கட்டினால் தலைதான் நிற்கும், பின்னங்கால் நிற்காது.

அடுத்தது பொருட்கள். கையுறை, சுத்தமான துணித் துண்டுகள், 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, காம்பு முக்கும் அயோடின் கரைசல், உள்பக்கம் கறுப்பான ஒரு கிண்ணம், தெர்மாமீட்டர், கன்றுக்குப் பால் புட்டி, வயிற்றுக்குள் விடும் குழாய், ஒரு நோட்டு. கிண்ணம் கறுப்பாக இருந்தால்தான் பாலில் உள்ள சிறு திரிகள் கண்ணுக்குப் படும். எவர்சில்வர் கிண்ணத்தில் தெரியாது.

மூன்றாவது, உறைய வைத்த சீம்பால். நோயில்லாத வேறொரு மாட்டிடமிருந்து எடுத்து ஆழ் உறைவிப்பானில் வைத்தால் ஒரு வருடம்வரை வைத்திருக்கலாம். அதை உருக்கும் தண்ணீர் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் கன்றுக்குத் தேவையான நோய் எதிர்ப்புப் புரதங்கள் கெட்டுப்போகும். அப்புறம் அது வெறும் பால்தான்.

2. ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது

சினை மாடுகளைப் பின்னாலிருந்து ஒருமுறை பார்த்து வாருங்கள். வயதான மாடுகள், சென்ற ஈற்றில் காம்பு பெருத்தவை, மடி தொங்கியவை, இவற்றை மட்டும் கண்ணுக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும். சேற்றில் படுக்கிற மாட்டின் காம்பில்தான் கிருமி முதலில் ஏறும். அந்தச் சேற்றுக் காம்பைத்தான் கன்றும் முதல் வாய் வைக்கப் போகிறது.

கிடேரிகளை விட்டுவிடாதீர்கள். இன்னும் கன்றே போடாத கிடேரிக்கும் மடிநோய் வரும். ஈக்கள் பெருகும் பருவத்தில், ஒரு பக்கம் மட்டும் மடி வீங்கி, காம்பைச் சுற்றி ஈ மொய்த்து, நாற்றமடிக்கும் கெட்டியான சீழ் வந்தால் அது அந்த வகை. பெரும்பாலும் அந்தக் காம்பு திரும்பக் கிடைக்காது. மாட்டைக் காப்பாற்றத்தான் மருத்துவரை அழைக்கிறோம்.

3. கன்று விழுந்ததும்: தூரத்திலிருந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் தாய் உங்களையே பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். கன்று மடியைத் தேடும்போதெல்லாம் அது திரும்பிவிடும். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.

நல்ல கன்று ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்கத் தொடங்கிவிடும். மடி சரியான உயரத்தில் இருந்தால் அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறந்த கன்று தலையை மேலாக நீட்டி, வயிறும் காலும் சேரும் மடிப்பில்தான் தேடும். மடி முட்டிக்குக் கீழே தொங்கினால், கன்று அதற்கு மேலே உள்ள வெறும் தோலை நக்கிக்கொண்டிருக்கும். முன்னங்கால் பக்கம் போகும், திரும்பி வரும், களைத்துப் படுத்துவிடும். பார்ப்பவருக்குக் கன்று குடித்துக்கொண்டிருக்கிற மாதிரியே தோன்றும். வாயில் காம்பு இருக்கிறதா என்று பாருங்கள். காம்பைப் பிடித்த கன்றின் வாயோரம் நுரை தள்ளும், தொண்டை அசையும், வால் ஆடும்.

நீங்கள் இல்லாத நேரத்தில் ஈன்றிருந்தால் காம்பே சாட்சி சொல்லும். குடித்த காம்பு கழுவியது போலச் சுத்தமாக, கொஞ்சம் பளபளப்பாக, சற்றுச் சுருங்கி இருக்கும். குடிக்காத காம்பில் தூசியும் காய்ந்த சளியும் ஒட்டியிருக்கும், நுனியில் மெழுகு போன்ற அடைப்பு அப்படியே இருக்கும், தோல் விறைத்திருக்கும். நான்கு காம்பையும் இப்படி எண்ணிவிடலாம், மாட்டைத் தொடாமலே.

நான்கு மணி நேரம் ஆகியும் ஒரு காம்புகூடக் குடித்த அடையாளம் இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் பிறந்த கணத்திலிருந்தே குறைந்துகொண்டு வரும். 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

4. மாட்டை அடைத்து நிறுத்துதல்

ஈன்ற மாடு எத்தனை சாதுவாக இருந்தாலும் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள். இரண்டு பேராகச் செய்யுங்கள். கன்றை முன்னால் ஒருவர் மெதுவாக நகர்த்தினால் தாய் பின்னாலேயே கூண்டுக்கு வந்துவிடும், விரட்ட வேண்டியதில்லை.

கன்றைத் தாயின் கண்ணில் படும்படி தலைப்பக்கம் வையுங்கள். இது பாசத்துக்காக மட்டும் சொல்வதல்ல. பயந்த மாட்டின் உடலில் ஓடும் அட்ரினலின் பால் இறங்குவதைத் தடுத்துவிடும். கன்று தெரிந்தால் சுரப்பு விடும். மிரட்டி அடைத்த மாட்டிடம் பால் வரவில்லை என்று காம்பை முறுக்குவது, நோய் இல்லாத இடத்தில் நோயை உண்டாக்குவது.

பின்னங்கால் உதைக்கு ஒதுங்கி, விலாவோடு ஒட்டி நில்லுங்கள். ஒட்டி நின்றால் உதை தள்ளலாக முடியும். ஒரு கை தூரத்தில் நின்றால்தான் எலும்பு உடையும். மற்றவர் வாலை அடியில் பிடித்து நேராக மேலே தூக்கினால் பல மாடுகள் காலைத் தூக்காது. அடியிலேயே பிடிக்க வேண்டும். நடுவில் பிடித்தால் வால் முறியும்.

5. கை வைத்துப் பார்க்கும் வரிசை

மடி வெளிக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தனித்தனி அறைகள். ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போகாது. அதனால் ஒரு காம்பைக் கறந்து பார்த்துவிட்டு மடியே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

நன்றாகத் தெரிகிற பகுதியில் தொடங்கி, சந்தேகமான பகுதியைக் கடைசியில் தொடுங்கள். கை வழியாகக் கிருமி நல்ல காம்புக்குப் போகாமல் இருக்க இதுவே எளிய வழி.

முதலில் புறங்கையால் நான்கு பகுதியின் சூட்டையும் ஒப்பிடுங்கள். அடுத்து வீங்கிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து கொஞ்ச நேரம் நின்றால் அது நீர்வீக்கம். கல் மாதிரி கெட்டியாக, சூடாக இருந்து மாடு துள்ளினால் மடிநோய் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

பிறகு ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு, கறுப்புக் கிண்ணத்தில். சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக இருப்பது இயல்பு. ஈன்ற முதல் சில நாட்கள் இளஞ்சிவப்பாக வருவதும், மடி அதிகம் வீங்கிய மாடுகளில், நுண்ணிய ரத்த நாளங்கள் உடைவதால்தான். மடியில் சூடும் வலியும் இல்லாமல் நிறம் மட்டும் அப்படி இருந்தால் பதற வேண்டாம். திரி, கட்டி, தண்ணீர் போன்ற பால், நாற்றம், சீழ் இவை வேறு.

பாலோடு கரைசலைக் கலந்து கூழாகிறதா என்று பார்க்கும் சிஎம்டி சோதனை நல்ல கருவிதான். ஆனால் ஈன்ற முதல் சில நாட்களில் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். சீம்பாலில் இயல்பாகவே செல்கள் அதிகம் என்பதால் நல்ல மடியும் கூழ் காட்டும். ஒரு வாரத்துக்கு அப்புறம், சோதனைத் தட்டின் நான்கு குழியிலும் சம அளவு பாலும் சம அளவு கரைசலும் விட்டு, பத்து விநாடி சுழற்றி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நீராக ஓடி ஒன்று மட்டும் கெட்டிப்பட்டால் அதுதான் ஆள்.

கடைசியாக ஆசனவாயில் தெர்மாமீட்டர். இயல்பு 38.5 டிகிரி செல்சியஸ் ஒட்டி இருக்கும், 39.5-க்கு மேல் போனால் காய்ச்சல். சாதாரணத்தைவிடக் குறைந்து, காதும் குளிர்ந்து, மாடு சோர்ந்திருந்தால் காய்ச்சலைவிட மோசம்.

6. வைத்தியத்துக்கு முன் கன்றின் வயிறு

மடியில் என்ன கோளாறு என்று தெரிந்ததும் கை மருந்தைத் தேடும். பொறுங்கள். நல்ல காம்பு ஒன்று இருந்தால் மாடு கூண்டில் நிற்கும்போதே கன்றை அதில் விடுங்கள். சிறிய காம்பாகப் பார்த்து, முதல் பீச்சைக் கன்றின் நாக்கில் விட்டு, வாயில் கொடுங்கள்.

கன்றுக்குப் பிடிக்கத் தெரியவில்லையென்றால் நல்ல பகுதியைக் கறந்து புட்டியில் கொடுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 40 கிலோ கன்றுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர், முதல் சில மணி நேரத்துக்குள். தாயிடம் அவ்வளவு இல்லையென்றால் உறைய வைத்ததை எடுங்கள். சப்பவே தெம்பில்லாத கன்றுக்கு மட்டும் வயிற்றுக் குழாய். குழாய் விடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து ஒருமுறை கற்றுக்கொண்ட பிறகே தனியாகச் செய்யுங்கள்; மூச்சுக்குழலுக்குள் பால் போனால் கன்று போய்விடும்.

நோயுள்ள பகுதியின் பாலைக் கறந்து கன்றுக்குக் கொடுக்காதீர்கள். தரையிலும் பீச்சாதீர்கள். கிண்ணத்தில் பிடித்து மாடு படுக்காத இடத்தில் கொட்டுங்கள்.

7. கோளாறுக்கு ஏற்றபடி

*ஈற்று வீக்கம்.* குழி விழும், சூடில்லாத வீக்கம். தலைஈற்றுக் கிடேரிகளுக்கு அதிகம். கன்று குடிக்கக் குடிக்கச் சில நாட்களில் வடியும். இதற்கு ஆன்டிபயாடிக் போடுவது புதியவர்கள் செய்யும் வீண் செலவு. காம்பே வீக்கத்தில் புதைந்து கன்றால் பிடிக்க முடியவில்லையென்றால் மட்டும் கறந்து தளர்த்துங்கள்.

*பெருத்த காம்பு, தொங்குமடி.* இங்கே நோய் எதுவும் இல்லை, அளவுதான் சிக்கல். புட்டி அளவு காம்பு கன்றின் வாய்க்குள் போகாது. கறந்து காம்பைச் சுருக்கி, கன்றை அதே இடத்தில் விடுங்கள். அடுத்த சில நாட்கள் தினம் ஒன்றிரண்டு முறை இதே வேலை. கன்று பழகிவிட்டால் மூன்று நான்கு நாளில் நாம் விலகிக்கொள்ளலாம். முழுக்கக் கறந்துவிட்டுக் கன்றை விடுவது ஒரு பொதுத் தவறு. பால் வராத காம்பைச் சப்பிய கன்று அதை மறுபடி தேடாது. பாதி கறந்து நிறுத்துங்கள்.

*மடிநோய்.* மருந்தைத் தொடங்கும் முன், எந்தக் கிருமி என்று சோதிக்கப் பால் மாதிரி எடுத்துவிடுங்கள். ஒரு வேளை மருந்து போன பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். மாதிரிக்குக் காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். துடைப்பது எட்டத்துக் காம்பிலிருந்து, மாதிரி எடுப்பது கிட்டத்துக் காம்பிலிருந்து. மாற்றிச் செய்தால் துடைத்த காம்பின் மேல் உங்கள் கையே உரசும்.

எந்த மருந்து, எத்தனை நாள் என்பது மருத்துவர் முடிவு. காம்புக்குள் செலுத்தும் மருந்து என்றால் கெட்ட பகுதியை முழுக்கக் கறந்துவிட்டு, மருந்துக் குழாயின் முனையை 3 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நுழையுங்கள். முழு நீளமும் உள்ளே போனால் நுனித்துளையைக் காக்கும் கெரட்டின் பூச்சு நசுங்கி, வெளியிலுள்ள கிருமியும் உள்ளே தள்ளப்படும். கன்று உடனே ஊட்டினால் போட்ட மருந்தைச் சப்பிவிடும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கன்று ஊட்டும் மாட்டுக்கு ஊசி வழி மருந்தை அவர் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணமாகலாம். வலி குறைக்கும் மருந்தையும் கேளுங்கள். வலி குறைந்தால்தான் மாடு கன்றை அண்ட விடும், மேயவும் போகும்.

*நீலம் பாய்ந்த மடி.* சூடாக இருந்த பகுதி குளிர்ந்து, தோல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறி, ரத்தநீர் போல வந்தால் அந்தச் சதை அழுகிக்கொண்டிருக்கிறது. தேய்க்க வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். மருத்துவரை அழையுங்கள், கன்றை அப்போதே புட்டிப் பாலுக்கு மாற்றுங்கள்.

*காயமும் புண்ணும்.* முள்வேலி கிழித்தது, மிதிபட்டது, கன்றின் பல் பட்டது என்று பலவகை. மேல்தோல் காயத்தைக் கழுவிக் களிம்பிடலாம். காயத்தின் வழியாகப் பால் கசிந்தால் தையல் வேலை, அதுவும் அன்றைக்கே. கொப்புளம் வந்தால் வாயையும் குளம்பையும் சேர்த்துப் பாருங்கள். கோமாரியாக இருந்தால் இது ஒரு காம்புச் சங்கதி அல்ல, மந்தைச் சங்கதி. சில அம்மை வகைகள் நம் கைக்கும் தொற்றும் என்பதால் கையுறையைக் கழற்றாதீர்கள். மரு பெரும்பாலும் தானாக உதிரும். துளையை அடைத்தால்தான் கவலை.

*அடைத்த காம்பு.* மடியில் பால் இருக்கிறது, பீச்சினால் வரவில்லை. நுனியின் மெழுகை நகத்தால் எடுத்துவிட்டு மறுபடி பீச்சுங்கள். பல சமயம் அவ்வளவுதான். அதற்கும் வராவிட்டால் ஈர்க்குச்சி, கம்பி, பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். அடைப்பு திறக்கும், கூடவே மடிநோயும் நுழையும். நான் பார்த்தவரையில் செத்துப்போன காம்புகளில் கணிசமானவை இப்படிக் குச்சி விட்டவை.

8. அடுத்த நாட்களில் பார்க்க வேண்டியது

பன்னிரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாளும், மூன்றாம் நாளும் மூன்றாவது படியை மறுபடி செய்யுங்கள். காம்பை எண்ணுங்கள், கன்றின் வயிற்றைப் பாருங்கள். ஓயாமல் முட்டிக்கொண்டே இருக்கும் கன்று பாலுக்கு அலைகிறது. நிறையக் குடித்த கன்று படுத்துத் தூங்கும்.

பின்னர் வரும் வாரங்களில் இரண்டு அடையாளங்கள் எளிதில் தப்பிவிடும். தாய் பின்னங்காலை அகட்டி நடந்தால் எல்லோரும் குளம்பைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். மடி வலித்தாலும் அப்படித்தான் நடக்கும். இன்னொன்று, கன்றின் உச்சந்தலையில் காய்ந்த சாணம். தன் தாயிடம் பால் போதாத கன்று மற்ற மாடுகளிடம் பின்னங்கால் வழியாக நுழைந்து திருட்டுப் பால் குடிக்கும். அந்த மாடு போட்ட சாணம் தலையில் விழும். தலையில் சாணம் கண்டால் அந்தக் கன்றின் தாயைக் கூண்டுக்குக் கொண்டுவாருங்கள். அலைகிற கன்று ஒரு மடியின் கிருமியை இன்னொரு மடிக்குக் கொண்டுபோகவும் செய்யும்.

9. அன்றைக்கே மதிப்பெண் எழுதுங்கள்

ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மடியைப் பார்த்து 1 முதல் 9 வரை இரண்டு மதிப்பெண் போடுங்கள்: மடி எவ்வளவு ஏறி நிற்கிறது, காம்பு எவ்வளவு சிறியது. 9 நல்லது, 1 என்பது தரையை நோக்கித் தொங்கும் மடி, உப்பிய காம்பு. நான்கில் மோசமான பகுதிக்கு என்ன மதிப்போ அதுவே மாட்டின் மதிப்பு. சராசரி போடாதீர்கள், கன்று அந்த ஒரு காம்பில்தான் தோற்கும்.

ஏன் அன்றைக்கே? கன்று பெரிதாகி நான்கு காம்பையும் காலி செய்யத் தொடங்கியதும் அதே மடி சுருங்கி அழகாகிவிடும். எந்த மாட்டைக் கழிப்பது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் கன்று பிரிக்கும் காலத்தில். அப்போது பார்த்தால் ஈன்ற அன்று இரண்டு பேரைக் கூண்டில் நிறுத்தி வைத்த மாடு எதுவென்றே நினைவுக்கு வராது. நோட்டு இல்லையென்றால் அது அடுத்த ஈற்றுக்கும் இருக்கும், காம்பு இன்னும் பெருத்திருக்கும்.

மடியின் வடிவம் தாயிடமிருந்தும் வரும், காளை வழியாகவும் வரும். அந்த மாட்டின் கிடேரியை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். காளைக்கன்றையும் பொலிகாளையாக விடாதீர்கள். அது பல கிடேரிகளுக்குக் கொண்டுபோகும். மூன்று காம்பு மாடு கன்றை வளர்த்துவிடும், எடை கொஞ்சம் குறையலாம். இரண்டு காம்பு போனதை நான் வைத்துக்கொள்வதில்லை.

10. கன்றைப் பிரிக்கும்போது

பிரிப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே தாயின் அடர்தீவனத்தைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். பிரித்த பிறகு மடி புடைக்கும், மாடு கத்தும். பாவம் என்று கறக்கப் போகாதீர்கள். மடிக்குள் சேரும் அழுத்தம்தான் பால் சுரப்பை நிறுத்துகிறது. கறந்தால் மறுபடி சுரக்கும், துளையும் திறந்தே இருக்கும்.

முதல் இரண்டு வாரம்தான் கிருமி நுழைய வசதியான காலம். சுத்தமான தரை, ஈத்தொல்லை குறைந்த மேய்ச்சல். ஒரு பகுதி மட்டும் சுருங்காமல் சூடாக நின்றால் அதைக் கறந்து பாருங்கள். மடிநோய் வந்துபோன மாடுகளுக்கு வற்றுக்கால மருந்து தேவையா என்று இந்த நேரத்தில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கழிக்க முடிவான மாட்டை இறைச்சிக்கு அனுப்பும் முன் நோட்டில் கடைசி மருந்துத் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அதன் உறையில் இருக்கும். மருந்து போட்ட காலத்தில் அந்தப் பாலைக் குடித்த கன்றையும் அனுப்புவதாக இருந்தால், அதற்கு எத்தனை நாள் என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்டு அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.